காவிப் பட்டை அடித்த கக்கூஸ்

தகர டப்பாவின் கம்பிப் பிடி விடியற்காலையில் எப்படிச் சில்லிட்டிருக்கும் என்பது அந்தக் காலத்து ஏற்காட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். விரல்கள் மரத்துப்போய், டப்பாவைப் பிடித்திருக்கிறோமா கீழே விட்டுவிட்டோமா என்றே தெரியாமல், தண்ணீர் பாவாடையில் சிந்திச் சிந்தி முழு டப்பா அரை டப்பாவாகி, காப்பிச் செடிகளுக்குள் நுழைந்தால் இலைகளில் தங்கியிருந்த பனித்தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கும். இதையெல்லாம் எழுத உட்காரும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கடவுள் கொடுத்த உடம்பில் கடவுள் வைத்த ஒரு வேலை, அதற்காக நாங்கள் பட்ட பாடு, அதனால் என் அக்காவுக்கு அமைந்த வாழ்வு, இவற்றைச் சொல்வதில் என்ன தப்பு என்று மனசைத் தேற்றிக்கொண்டு எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு வயது பத்து. ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கிலிருந்து ஒரு மைல் கீழே, சேலம் பஸ் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. அப்பா ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற மிஷினில் வேலை பார்த்தார். மற்ற நேரமெல்லாம் எங்களுடைய ஒரு ஏக்கர் தோட்டத்தில் கிடப்பார். வீட்டில் அம்மா, செல்வி அக்கா, நான். அந்த வட்டாரத்தில் இருந்த ஏழெட்டு வீட்டில் எதிலும் "கக்கூஸ்" கிடையாது. எஸ்டேட் பங்களாவிலும் கணக்கு எழுதுகிற ரைட்டர் வீட்டிலும் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம், அவ்வளவுதான். ரோட்டுக்கு மேல்புறத்துக் காப்பித்தோட்டம் ஆண்களுக்கு, கீழ்புறத்துக் காப்பித்தோட்டம் பெண்களுக்கு என்று யாரோ எப்போதோ பிரித்து வைத்திருந்தார்கள். எழுதி வைக்காத அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை.

பெண்கள் எல்லாரும் பொழுது புலர்வதற்கு முன்னால் ஒன்றாகச் சேர்ந்துதான் போவோம். யார் வீட்டு மாடு கன்று போட்டது, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், ரேஷனில் மண்ணெண்ணெய் என்றைக்கு ஊற்றுவான் என்கிற சமாசாரம் எல்லாம் அங்கேதான் பேசி முடிவாகும். செடிக்கு ஒருவராக மறைந்து உட்கார்ந்திருந்தாலும் பேச்சு மட்டும் நிற்காது. ஒரு செடி கேள்வி கேட்கும், இன்னொரு செடி பதில் சொல்லும்.

எங்களுக்கு இருந்ததிலேயே பெரிய சட்டம் திசைச் சட்டம். அந்தத் தோட்டத்திலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை உச்சி தெரியும். உச்சியில் குகைக்குள் சாமி இருக்கிறார். அவரைப் பார்த்து உட்காரக் கூடாது. சரி, திரும்பி உட்காரலாம் என்றால் சாமிக்கு முதுகைக் காட்டுவதும் தப்பு. ஆகையால் நாங்கள் அத்தனை பேரும் பக்கவாட்டில், ஒரே திசையைப் பார்த்தபடி, பஸ் சீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் வரிசையாக உட்காருவோம். பனிமூட்டத்தில் மலையே தெரியாத ஒரு நாள் நான் சோம்பல்பட்டு மலைப் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். அம்மா அந்த மங்கலிலும் கண்டுபிடித்துவிட்டாள். "உன்ற கண்ணுக்குச் சாமி தெரியலீன்னா, சாமி கண்ணுக்கு நீ தெரியமாட்டீன்னு நெனச்சயா? திரும்பு கண்ணு" என்றாள். அன்றைக்குத் திரும்பியவள்தான். இன்றைக்கும் வெளியூரில் லாட்ஜில் தங்கினால், கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை.

பனிமூட்டம்தான் எங்களுக்குக் கதவு, தாழ்ப்பாள் எல்லாம். அது நன்றாக மூடியிருந்தால் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சேலத்திலிருந்து ஏறி வரும் முதல் பஸ் எங்கள் வளைவில் திரும்பும்போது அதன் விளக்கு வெளிச்சம் காப்பித்தோட்டத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கூட்டிப் பெருக்குவதுபோல் ஓடும். வழக்கமாக வருகிற டிரைவர் புண்ணியவான். வளைவுக்கு முன்னாலேயே நீளமாக ஒரு ஹாரன் கொடுத்துவிடுவார், நாங்கள் சுதாரித்துக்கொள்வோம். அவர் லீவு போட்ட நாளில் வருகிற புது டிரைவருக்கு என்ன தெரியும்? திடீரென்று வெளிச்சம் அடிக்கும். பள்ளிக்கூடத்துக்கு மந்திரி வந்ததுபோல் ஏழெட்டுப் பெண்களும் டப்பாவும் கையுமாக ஒரே நேரத்தில் எழுந்து நிற்போம். பஸ் போன பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், "போயிட்டானா கட்டையில போறவன்?" என்று கேட்கும். மறுபடி எல்லாரும் உட்காருவோம். சிரித்துச் சிரித்து வந்த வேலையே சிலருக்கு மறந்துபோகும்.

இப்படிச் சிரிப்பும் சில்லிப்புமாகப் போய்க்கொண்டிருந்த பழக்கத்தில் ஒரு நாள் முள் தைத்தது. செல்வி அக்காவுக்குப் பத்தொன்பது முடிந்து வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். முதல் வரன் ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்தது. மாப்பிள்ளையின் அக்கா, கொண்டை ஊசி வளைவுகளில் மூன்று தடவை வாந்தி எடுத்து வெளுத்துப்போய் வந்த அம்மாள், காப்பி குடிப்பதற்கு முன்னால் அம்மாவின் காதில் ஏதோ கேட்டார். அம்மாவின் முகம் சுண்டியது. ஒரு குடை, ஒரு டப்பா, துணைக்கு நான். வெளியே தூறல். எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனி. நான் பெரிய மனுஷியாக முன்னால் நடந்து, "இங்கீங்க, இது நல்ல மறைவுங்க" என்று ஒரு புதரைக் காட்டிவிட்டு மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டேன்.

அந்த மறைவுக்குள் செந்தட்டி முளைத்திருந்தது எனக்குத் தெரியாது. தோலில் உரசினால் தீ பட்டதுபோல் எரிந்து அரிக்கிற செடி அது. மலையில் பிறந்த குழந்தைகூட இலையைப் பார்த்து ஒதுங்கிவிடும். ஆத்தூர் அம்மாளுக்கு எப்படித் தெரியும்? "ஐயோ சாமீ!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த அம்மாள் எங்கள் வீட்டில் உட்காரவே இல்லை. அப்பா நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் போட, "பரவாயில்லீங்க, நின்னுக்கறனுங்க" என்று இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, நின்றபடியே காப்பி குடித்து, நின்றபடியே அக்காவைப் பார்த்துவிட்டு, பஸ்ஸிலும் நின்றுகொண்டே போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

நான்கு நாள் கழித்துத் தகவல் வந்தது. பெண்ணைக் குறை சொல்லவில்லை. "ஊட்டுல ஒரு வசதியும் இல்லீங்களே" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பேச்சு பரவிவிட்டது. மலை மேல் பெண் எடுத்தால் தலைதீபாவளிக்குப் போகிற மாப்பிள்ளை குடையும் டப்பாவுமாகத்தான் நிற்க வேண்டும் என்று அடிவாரத்து டீக்கடை வரைக்கும் கேலி பேசினார்கள். அடுத்து வருவதாக இருந்த இரண்டு வரன்கள் அந்தக் கேலியைக் கேட்டுவிட்டு மலையேறவே இல்லை. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விறகு அடுக்குக்குப் பின்னால் நின்று அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரி நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று, அக்காவுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் மிட்டாய் தின்னமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த சித்திரையில் ரங்க மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கோயில்களுக்கும் வீடுகளுக்கும் வெள்ளையடிப்பது அவர் தொழில். அதற்காக மலை மேலும் கீழும் அலைந்துகொண்டே இருப்பார். சேலத்தில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போன இடத்தில் ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தார்.

"பையன் தங்கமுங்க மாமா. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வேலை. அப்பன் இல்லை, அம்மா மட்டுந்தான். அந்தம்மா நொம்பக் கோயில் கொளம்னு இருக்கறவங்க. வைகாசியில வந்து பாக்கறேன்னுட்டாங்க" என்று அப்பாவிடம் சொன்னவர், கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஒண்ணு சொல்லீர்றேன். கக்கூஸ் இல்லாத ஊட்டுக்கு இனி நான் ஒருத்தரையும் கூட்டியாரமாட்டேன். இந்த வரனும் போச்சுன்னா அப்புறம் நம்ம புள்ளைய யாரு கேப்பாங்க?" என்றார்.

அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "கட்டீருவோம்" என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, எங்கே கட்டுவது? வீட்டுக்குப் பின்னால் பாறை. இடது பக்கம் சரிவு. கிடைத்த சமதளத்திலெல்லாம் அப்பா போய் நின்று, சேர்வராயன் மலையைப் பார்த்துக் கையை நீட்டி, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி திரும்பி உட்கார்ந்து பார்த்தார். முகமும் படக் கூடாது, முதுகும் படக் கூடாது, கதவு வழியாகவும் சாமி பார்வை விழக் கூடாது. ரோட்டில் போகிறவர்கள் இவருக்கு என்ன ஆயிற்று என்று நின்று பார்த்தார்கள். அரை நாள் இப்படி உட்கார்ந்து எழுந்ததில் எல்லாக் கணக்கும் ஒத்துவந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்குகிற தடத்தின் தலைமாட்டில், நுழைகிற இடத்திலேயே இருந்தது.

"நொழையற எடத்துலயா மாமா?" என்று ரங்க மாமா தலையைச் சொறிந்தார்.

"சாமிக்குத் தப்பா பின்னாடி கட்டறதுக்குச் சரியா முன்னாடியே கட்டலாம்" என்று அப்பா முடித்துவிட்டார்.

இரண்டடி தோண்டியதும் பாறை. கடப்பாரையால் குத்திக் குத்திப் பத்து நாளில் குழி ஆயிற்று. தனக்காகத்தான் இந்தப் பாடு என்று அக்காவுக்குத் தெரியும். கூடை கூடையாக மண் சுமந்து கொட்டினாள். சுவர், மலைக்காரர்களின் பழைய வீடுகளைப்போல் வட்டமாக, மூங்கில் பிளாச்சு கட்டி மண் பூசியது. மேலே கூம்பாகப் புல் வேய்ந்த கூரை. கூரையின் உச்சியில், புல்லைச் சேர்த்துக் கட்டிய இடத்தில் மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு மண் குடத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வது. பிறகு ரங்க மாமா வெள்ளையடிக்க வந்தார். ஒரு மாரியம்மன் கோயிலுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பும் காவியும் அவரிடம் இருந்தன. மண் சுவர் என்று ஒன்றைப் பார்த்தால் வெள்ளை ஒரு பட்டை, காவி ஒரு பட்டை என்று மாற்றி மாற்றி அடிப்பதைத் தவிர அவர் கைக்கு வேறு எதுவும் பழக்கமில்லை. அடித்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தோம். பளிச்சென்று இருந்தது. எங்களில் ஒருவருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

கதவுக்குப் பதில் சாக்குப் படுதா. தாழ்ப்பாள் இல்லாத குறைக்கு அப்பா ஒரு வழி செய்தார். எங்களிடம் முன்பு இருந்த பசுவின் கழுத்து மணி ஒன்று சும்மா கிடந்தது. அதை வாசல் நிலையில் கட்டித் தொங்கவிட்டார். போகிறவர் மணியை ஆட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் இருமிக் காட்ட வேண்டும். இருமல் கேட்டால் காத்திருக்க வேண்டும்.

நல்ல நேரம் பார்த்துக் கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்துத்தான் அம்மா அதைத் திறந்தாள். முதல் மரியாதை அப்பாவுக்கு. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். கால் மணி நேரம் கழித்து முகம் வாடி வெளியே வந்தார். "ஊட்டு நடுவுல உக்காந்தாப்புல இருக்குது புள்ள. வரமாட்டேங்குது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அதே டப்பாவோடு ரோட்டைத் தாண்டி மேல்புறத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டார். பாறையைக் குடைந்து அதைக் கட்டிய மனுஷன் தன் வாழ்நாளில் அதைப் பயன்படுத்தவே இல்லை.

அம்மாவும் எங்களை லேசில் அதற்குள் விடமாட்டாள். "அவுங்க வந்து பாக்கறப்ப புதுசாட்ட இருக்கோணும்" என்று தினமும் சாணம் தெளித்துக் கழுவி, வெளியே கோலம் போட்டு வைத்தாள். அவசரத்துக்கு அக்காவும் நானும் மட்டும் போகலாம். அக்கா உள்ளே இருக்கும்போது ஓடிப்போய் மணியை ஆட்டிவிட்டு, அவள் இருமுவதைக் கேட்டுச் சிரிப்பது எனக்கு அந்த மாதத்து விளையாட்டு. அவள் உள்ளிருந்தே என்னைத் திட்டுவாள்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. பதினோரு மணி பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா விடியற்காலையிலேயே வீட்டு நிலையில் மாவிலைத் தோரணம் கட்டினாள். மிஞ்சிய தோரணத்தைத் தூக்கிப்போட மனமில்லாமல், நுழைகிற இடம் வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று அதையும் கொண்டுபோய்க் கக்கூஸ் வாசலில் கட்டி, புதிதாக ஒரு எலுமிச்சம்பழமும் அறுத்து வைத்துவிட்டாள். எட்டு மணிக்கெல்லாம் அக்கா பட்டுப்புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்துத் தயாராகிவிட்டாள். தயாரானதுதான் தப்பு. பயத்தில் அவளுக்கு வயிற்றைக் கலக்கத் தொடங்கிவிட்டது. ஒரு தடவை போனாள். இரண்டு தடவை போனாள். "அந்தப் பொடவையோடவா போற, பாவி மவளே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்பது மணிக்கு மூன்றாவது தடவையாக டப்பாவைத் தூக்கிக்கொண்டு அக்கா ஓடிய நேரத்தில், ரோட்டில் பஸ் நின்றது.

பதினோரு மணி பஸ்ஸுக்கு வர வேண்டியவர்கள் ஒன்பது மணி பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். முன்னால் ரங்க மாமா, நடுவில் மாப்பிள்ளையின் அம்மா, பின்னால் பழத் தட்டோடு மாப்பிள்ளை. அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எதிரே ஓடினார். நானும் ஓடினேன்.

அந்த அம்மாள் தடத்தில் நாலடி இறங்கியதும் நின்றார். காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த வட்டச் சுவரைப் பார்த்தார். மேலே கலசம்போல் நின்ற குடத்தைப் பார்த்தார். தோரணம், கோலம், எலுமிச்சம்பழம், மணி. செருப்பைக் கழற்றிவிட்டார்.

"பொண்ணு ஊட்டுக்கு வந்ததும் மொதல்ல சாமி தரிசனம்! நொம்ப நல்ல சகுனமுங்க. என்ன சாமிங்க இது?" என்று அப்பாவைக் கேட்டார்.

ரங்க மாமா முந்திக்கொண்டு, "அது வந்துங்க... காவல்..." என்று ஏதோ இழுத்தார். சாமி பெயரைச் சொல்லிப் பொய் சொல்வதா என்று அப்பா அவரைப் பார்த்த பார்வையில் மாமா மீதியை விழுங்கிவிட்டார். அதற்குள் அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எக்கி, மணியை மூன்று தரம் ஆட்டிவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டார்.

உள்ளிருந்து, "க்கும்" என்று இருமல் வந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "பூசாரி உள்ளார இருக்கறாருங்களா?"

உள்ளிருந்தே பதில் வந்தது. "இருடி! மணியாட்டி வெளையாடாதேன்னு எத்தன தடவ சொல்றது? நானே வவுறு கலங்கிக் கெடக்கறேன். அவுங்க வர்றதுக்குள்ள முடிச்சுட்டு வந்தர்றேன், போடி அக்கட்டால!"

கூப்பிய கையை இறக்காமலே அந்த அம்மாள் சாக்குப் படுதாவைப் பார்த்தார். ஆத்தூர் அம்மாளுக்குச் செந்தட்டியைக் காட்டியதும் நான்; தினமும் மணியை ஆட்டி அக்காவை இப்படிப் பேசப் பழக்கியதும் நான். இரண்டு வரனும் என்னால்தான் போயிற்று என்று நினைத்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பாதான் கையைக் கட்டிக்கொண்டு பேசினார்.

"அம்மிணி, மன்னிச்சுக்கோணும். இது கோயில் இல்லீங்க. கக்கூசுங்க. எங்க ஊட்டுல இதுக்கு முந்தி இல்லீங்க. நீங்க வர்றீங்கன்னுதான் கட்டுனோம். உள்ளார இருக்கறது எம் புள்ளதானுங்க."

அவர் சொல்லி முடிப்பதற்கும் சாக்குப் படுதா விலகுவதற்கும் சரியாக இருந்தது. அரக்குப் பட்டு, மஞ்சள் பூசிய முகம், நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறையப் பூ, கையில் தகர டப்பா. எதிரே கூப்பிய கையோடு மாமியார். அக்கா அப்படியே நின்றுவிட்டாள். டப்பா கையிலிருந்து நழுவி உருண்டு மாப்பிள்ளையின் காலடியில் போய் நின்றது. அவர் அதைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பழத் தட்டைப் பார்த்தார். அக்காவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அந்த அம்மாள் அக்காவை ஒரு தரம் பார்த்தார். கலசத்தை ஒரு தரம் பார்த்தார். கூப்பிய தன் கையைத் தானே பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். யாரையும் கேலி செய்கிற சிரிப்பாக அது இல்லை. பனிமூட்டத்துக்குள் எங்கள் பெண்கள் சிரிப்பார்களே, அந்த மாதிரிச் சிரிப்பு. சிரித்து ஓய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இங்க வா. அந்த டப்பாவுல தண்ணி புடிச்சுட்டு வா. அடிவாரத்துல எளநி குடிச்சேன், என்ற புத்தியச் செருப்பால அடிக்கோணும். இருவது வளைவும் அடக்கீட்டு வந்திருக்கறேன். சாமி கும்புட்டுட்டு யாருகிட்டக் கேக்கறதுன்னு நின்னுட்டிருந்தேன்."

அக்கா ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டப்பா நிறையத் தண்ணீரோடு வந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். அந்த அம்மாள் படுதாவை விலக்கப் போகும்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. செருப்பைத் தூக்கிக்கொண்டு போய், "அத்தே, இதையப் போட்டுக்கிட்டே போங்க. கோயில் இல்லீங்களே" என்றேன். உள்ளே போயும் அவர் சிரித்துக்கொண்டிருந்தது வெளியே கேட்டது.

வெளியே வந்தவர் வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்ததும் அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை, "எங்க ஊட்டுச் சாமி ரூம்புகூட இத்தனை சுத்தமா இருக்காதுங்க. இப்படி வெச்சிருக்கற கையில வளந்த புள்ளய விட்டுட்டு நான் எங்க போய்த் தேடறது?" என்பதுதான். அதற்குப் பிறகு அக்கா காப்பி கொண்டுவந்ததெல்லாம் வெறும் சடங்குக்கு. மாப்பிள்ளையிடம் ரங்க மாமா தனியாகச் சம்மதம் கேட்டதற்கு, "அம்மாவே கும்புட்டாச்சு, அப்புறம் நான் என்னத்தச் சொல்றது" என்றாராம்.

அம்மாவுக்கு மட்டும் சாமி குத்தம் ஆகிவிட்டதோ என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாளே மாமாவை வரவழைத்துப் பட்டைகளை அழித்துச் சுவர் முழுக்க வெறும் சுண்ணாம்பு அடிக்க வைத்தாள். அந்த மாதமே சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. அக்காவுக்கு மாமியாராகப் போகிற சேலத்து அத்தை எங்களோடு சேர்ந்து போகவென்றே மலையேறி வந்தார். குகைக்குள் குனிந்து போய் நின்றதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரை நெனச்சுக் கும்புட்டேன்னு அவருக்குத் தெரியாதுங்களா? கும்புட்டது இங்கதான் வந்து சேந்திருக்கும். கண்ணைத் தொடைங்க" என்றார். ஆவணியில் கல்யாணம். வேண்டுதல் முடிந்து நான் பந்தியில் தின்ற இனிப்புக்கு அளவே இல்லை.

சேலத்தில் அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னது அத்தைதான். "மத்தவங்க ஜாதகம் பாத்து மருமகளை எடுத்தாங்க. நான் கும்புட்டு எடுத்தேன்" என்று விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். மாமியார் மருமகளுக்குள் சண்டை வராமல் இல்லை. எந்தச் சண்டையும் ராத்திரிச் சோற்றைத் தாண்டியதில்லை. கடைசி இரண்டு வருஷம் அத்தைக்கு நடை விழுந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அக்காதான் தாங்கிப் பிடித்துப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவாள். அவர் கூச்சப்பட்டுக் கண்ணீர் விட்டால், "எந்தக் கோலத்துல நீங்க என்னைப் பாத்தீங்க, மறந்து போச்சுங்களா அத்தே?" என்று அக்கா கேட்பாளாம். அந்த நோயிலும் அவர் சிரித்துவிடுவாராம்.

இப்போது எங்கள் மலையில் எல்லா வீட்டிலும் டைல்ஸ் போட்ட பாத்ரூம் இருக்கிறது. என் வீட்டில் இரண்டு இருக்கிறது. தாழ்ப்பாள் போட்ட கதவுக்குள், வெதுவெதுப்பான தண்ணீரோடு இருக்கும்போது கடவுளுக்கு நன்றி சொல்லாமல் நான் வெளியே வருவதில்லை. அந்தப் பழைய பாடு திரும்ப வர வேண்டும் என்று எந்தப் பெண்ணும் ஆசைப்படமாட்டாள். வட்டச் சுவர் ஒரு ஐப்பசி மழையில் உட்கார்ந்துபோயிற்று. கீழ்புறத்துக் காப்பித்தோட்டத்தில் ரிசார்ட் கட்டிவிட்டார்கள். ஒன்றாகப் போய் வந்த பெண்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் அவரவர் கதவுக்குள் இருக்கிறோம். ஒருத்தி வீட்டுக் கஷ்டம் இன்னொருத்திக்குத் தெரிய இப்போது மாசக்கணக்காகிறது. பெண் பார்ப்பதும் மாறிவிட்டது. யார் வீட்டுக்கும் யாரும் போவதில்லை; சேலத்தில் ஓட்டல் ஹாலில் சந்தித்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கலைகிறார்கள்.

என் மகனுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. நாமக்கல் பக்கத்துப் பெண். அவர்களும் ஓட்டலில்தான் வரச் சொல்லியிருந்தார்கள். நான் பிடிவாதமாக வீட்டுக்கே வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, மாப்பிள்ளை அம்மாவாகப் போய் உட்கார்ந்து என்ன பேசுவது, என்ன கேட்பது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"ஒண்ணும் கேக்காத. அந்தப் புள்ள பயந்துட்டு நிக்கும். நீ மொதல்ல சிரிச்சுரு கண்ணு" என்றாள்.

வெள்ளிக்கிழமை போகிறோம்.